ஓவிய மாணவரின் போர்ட்ஃபோலியோ: கான்வாஸைப் படமெடுப்பதும் படங்களைக் கழிப்பதும்

கேள்வி: ஓவியம் படிக்கும் மாணவி நான். ஓராண்டாகப் புகைப்படமும் எடுக்கிறேன். மேற்படிப்புச் சேர்க்கைக்கு 20 பக்க பிடிஎஃப் போர்ட்ஃபோலியோ (படைப்புத் தொகுப்பு) கேட்கிறார்கள். ஓவியம், புகைப்படம் இரண்டும் இருக்கலாமாம். என் ஓவியங்களைப் படமெடுத்தால் மஞ்சளடிக்கிறது, ஓரங்கள் கோணலாகின்றன. புகைப்படங்களோ நாலாயிரத்துக்கு மேல் குவிந்து கிடக்கின்றன. மற்ற கலைஞர்களின் போர்ட்ஃபோலியோக்களைப் பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஓவியங்களைப் படமெடுப்பதிலிருந்து தொடங்குங்கள். அது ஒரே நாளில் சரிசெய்துவிடக்கூடிய வேலை. புகைப்படத் தேர்வு வாரக்கணக்கில் இழுக்கும். அதோடு, தேர்வுக்குழுவின் கண்ணில் படப்போவது உங்கள் கான்வாஸ் அல்ல, அதன் படம். நல்ல ஓவியத்தை மங்கலாக எடுத்தால் அவர்களுக்கு அது மங்கலான ஓவியம்தான்.

மஞ்சளடிப்பதற்குப் பெரும்பாலும் கலப்பு வெளிச்சமே காரணம். ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் பல்பு என்றால் கான்வாஸின் ஒரு பாதியில் நீலமும் மறுபாதியில் மஞ்சளும் ஏறும். ஒயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் கேமரா அமைப்பு) எப்படித் திருகினாலும் ஒரு பாதி சரியானால் மற்றது கெடும். ஆகவே ஒரே வகை வெளிச்சம் மட்டும் போதும். ஜன்னலை முழுக்க மூடிவிட்டு ஒரே மாதிரியான இரண்டு எல்இடி விளக்குகளை வையுங்கள். பெட்டியில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 95 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் சிவப்புகள் சோர்ந்து விழும். விளக்குகள் கிடைக்கவில்லையா? மேகமூட்டமான பகலில், வெளியே நிழலில் வைத்து எடுங்கள். பக்கத்தில் புல்தரையோ வண்ணச் சுவரோ இருக்கக் கூடாது. அதன் நிறம் கான்வாஸின் வெள்ளைப் பகுதியில் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் போட்டிருக்கும் சிவப்புச் சட்டைகூட வார்னிஷில் தெரியும், கறுப்பு உடுத்திக்கொள்ளுங்கள்.

விளக்குகள் இரண்டும் ஓவியத்துக்கு இரு பக்கமும், 45 டிகிரி கோணத்தில், சம தூரத்தில், ஓவியத்தின் நடு உயரத்தில் நிற்கட்டும். தூரம் மிக முக்கியம். 60 செ.மீ. அகலக் கான்வாஸின் நடுவிலிருந்து 1 மீட்டரில் ஒரு விளக்கை வைத்தால், அதன் அருகு ஓரத்தில் விழும் ஒளி எதிர் ஓரத்தில் விழுவதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். 2 மீட்டருக்குத் தள்ளினால் அந்த வித்தியாசம் இரண்டு மடங்குக்கும் கீழே வந்துவிடும். எதிர்ப்பக்க விளக்கு மிச்சத்தை ஈடுகட்டும். ஒளி சமமாக விழுகிறதா என்று பார்க்க ஒரு பென்சில் போதும். அதன் அடிமுனையைக் கான்வாஸின் நடுவில் படாமல் நெருக்கமாக, நேர்குத்தாகப் பிடியுங்கள். இரு பக்கமும் நிழல் விழும். இரண்டும் ஒரே நீளத்திலும் ஒரே அழுத்தத்திலும் இருந்தால் விளக்குகள் சரி. ஒரு நிழல் அதிகம் கறுத்திருந்தால் அதற்கு எதிர்ப்பக்க விளக்கு கிட்டத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அதைப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

ஓரங்கள் கோணலாவது கேமரா ஓவியத்துக்கு இணையாக இல்லாததால். கண்மட்டத்தில் மட்டும் இதைச் சரிசெய்ய முடியாது. ஓவியம் தொங்கும் சுவரில், அதன் நடுப்புள்ளி வரும் இடத்தில், ஒரு சின்னக் கண்ணாடியைத் தட்டையாக ஒட்டுங்கள். கேமராவை முக்காலியில் பொருத்தி அதன் வழியே பாருங்கள். கண்ணாடியில் தெரியும் லென்ஸின் பிம்பம் சட்டத்தின் நட்டநடுவில் விழும்வரை முக்காலியை நகர்த்துங்கள். விழுந்துவிட்டால் கேமரா சுவருக்கு நேர். அதன் பிறகு முக்காலியைத் தொடாமல், கண்ணாடியை எடுத்துவிட்டு ஓவியத்தை மாட்டுங்கள். ஓவியம் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். ஆணியில் மாட்டிய கான்வாஸின் மேல்விளிம்பு முன்னால் சாய்ந்திருந்தால் இத்தனை பாடும் வீண். மேல்விளிம்பு சாய்ந்திருக்கும் அளவுக்குக் கீழ்விளிம்புக்கும் பின்னால் அட்டை செருகி முன்தள்ளுங்கள்.

கேமரா அமைப்புகளில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. ஐஎஸ்ஓ 100, துளை எஃப் 8, மேனுவல் முறை, ரா கோப்பு (கேமரா சுருக்காமல் தரும் மூலக்கோப்பு), 2 வினாடி டைமர். முழுச்சட்டகக் (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 50 முதல் 85 மி.மீ. வரையிலான லென்ஸ் நல்லது. அகலக்கோண லென்ஸ் நேர்விளிம்பைப் பீப்பாய்போல் வளைக்கும். முக்காலி இருப்பதால் ஷட்டர் 1/8 வினாடிக்கு இறங்கினாலும் கவலையில்லை. சில எல்இடிகள் மின்னுவதால் மிக வேகமான ஷட்டரில்தான் படத்தில் பட்டைபட்டையாக இருள் விழும். முதல் படத்தில் மட்டும் ஓவியத்தின் முன் ஒரு கிரே கார்டை (நிறச்சாயல் இல்லாத சாம்பல் அட்டை) வைத்து எடுங்கள். பிறகு மென்பொருளில் அந்தச் சாம்பலைச் சொடுக்கி ஒயிட் பேலன்ஸை நிலைநிறுத்தி, அதே மதிப்பை எல்லாப் படங்களுக்கும் ஒட்டுங்கள். கைப்பேசிதான் இருக்கிறது என்றாலும் பரவாயில்லை. இரண்டு மடங்கு லென்ஸைத் தேர்ந்து, பின்னால் தள்ளி நின்று, ஓவியத்தின்மேல் விரலை அழுத்தி ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். போர்ட்ரெய்ட் முறையும் ஃபில்டர்களும் வேண்டவே வேண்டாம்.

பென்சில், கரித்துண்டு, நீர்வண்ணம் என்று காகிதத்தில் செய்தவற்றில் வேறொரு சிக்கல் வரும். கேமரா எதையும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைத் தாள் அழுக்காகத் தெரியும். மேனுவலில் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கேமராவின் ஒளிமீட்டர் காட்டுவதைவிட முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு ஒளி) கூட்டிவையுங்கள். ஆனால் மென்பொருளின் 0 முதல் 255 வரையான வெளிச்ச அளவில் தாளின் வெள்ளை 255-ஐத் தொட்டுவிட்டால் உங்கள் மெல்லிய கோடுகள் அதோடு கரைந்துபோகும். 235 முதல் 245 வரை நிற்கட்டும். கான்ட்ராஸ்டைக் கூட்டித் தாளை வெளுக்கவைக்கும் ஆசையை அடக்குங்கள். பென்சில் வேலையின் உயிரே அந்த இளஞ்சாம்பல்களில்தான்.

எண்ணெய் வண்ணத்தில் பளபளப்பு வந்தால் முதலில் விளக்குகளைப் பக்கவாட்டில் இன்னும் ஒதுக்கிப் பாருங்கள். அப்போதும் போகாவிட்டால் விளக்குகளின் முன் போலரைசிங் தாளையும் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்) லென்ஸில் போலரைசிங் ஃபில்டரையும் மாட்டி, ஃபில்டரைத் திருப்பத் திருப்பப் பளபளப்பு மறைவதைப் பார்க்கலாம். முழுக்க மறையும் இடம்வரை போகாதீர்கள். பளபளப்போடு தூரிகைத் தடத்தின் மேடுபள்ளமும் அழிந்து, ஓவியம் அச்சடித்த சுவரொட்டிபோல் ஆகிவிடும். தடித்த வண்ணப்பூச்சு என்றால் ஒரு விளக்கைச் சற்றே குறைத்து வைப்பது நல்லது. மேடுகளுக்கு நிழல் கிடைக்கும். கண்ணாடிச் சட்டமிட்ட ஓவியங்களைச் சட்டத்திலிருந்து கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

விளிம்பை வெட்டிய பின் ஒரு கணக்குப் போடுங்கள். கான்வாஸ் 60×90 செ.மீ. என்றால் கோப்பு 2000×3000 பிக்சல்போல் 2:3 விகிதத்தில் இருக்க வேண்டும். 2000×2850 என்று வந்தால், கோணலைச் சரிசெய்யும் சாக்கில் படத்தை அமுக்கிவிட்டீர்கள், அல்லது ஓரத்தில் ஒரு துண்டை வெட்டிவிட்டீர்கள். திரைக்கான பிரதிகளுக்கு எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான பொது வண்ண அமைப்பு) வண்ணவெளியில் ஜேபெக், நீளப்பக்கம் 2500 முதல் 3000 பிக்சல். ஏ4 தாள் நிறைய அச்சிட 300 டிபிஐயில் 2480×3508 பிக்சல் வேண்டும். ரா கோப்புகளை அழித்துவிடாதீர்கள்.

இனி அந்த நாலாயிரம் புகைப்படங்கள்.

புகைப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்க் 1955, 1956 ஆண்டுகளில் அமெரிக்கா முழுக்கப் பயணம் செய்து எடுத்தது 767 ஃபிலிம் சுருள்கள், அதாவது சுமார் 27 ஆயிரம் படங்கள். அவருடைய புத்தகத்தில் இடம்பெற்றவை 83. நாலாயிரத்திலிருந்து பன்னிரண்டு படங்கள் தேறுவது உங்களுக்குக் குறையே இல்லை.

முதல் சுற்றை வேகமாக ஓட்டுங்கள். ஒரு படத்துக்கு இரண்டு வினாடி. கை நின்றவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இருநூறு தேறும். ஒரு வாரம் கழித்து அந்த இருநூறை அறுபதாக்குங்கள். இந்த இடைவெளி அவசியம்: எடுத்த அன்றைய மழை, அலைச்சல், கூட இருந்தவர்கள் எல்லாம் படத்தோடு சேர்ந்தே உங்களுக்குத் தெரியும், பார்ப்பவருக்குத் தெரியாது. அறுபதையும் 4×6 அங்குலத்தில் மலிவாக அச்சிட்டுத் தரையில் பரப்புங்கள். திரையில் ஒரு படத்துக்குப் பின் இன்னொன்றுதான் வரும். தரையில் பரப்பினால்தான் எது எதோடு பேசுகிறது என்று தெரியும். ஓவியரின் பழைய உத்தி ஒன்றும் இங்கே உதவும்: எல்லாவற்றையும் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். என்ன படம் என்பது மறைந்து இருளும் ஒளியும் மட்டும் மிஞ்சும். அப்போதும் கட்டுக்கோப்பாக நிற்கும் படம் வலுவானது.

பிறகு தரையைச் சுற்றி நடந்து, நீங்கள் தெரியாமலே திரும்பத் திரும்பச் செய்வது எது என்று தேடுங்கள். முதுகு காட்டும் மனிதர்களா? சட்டத்தின் கீழோரத்தில் தள்ளப்பட்ட அடிவானமா? மூடிய கதவுகளா? இப்போது உங்கள் ஓவியங்களின் பிரதிகளையும் அருகே வையுங்கள். அதே பழக்கம் அங்கேயும் தென்பட்டால் உங்கள் போர்ட்ஃபோலியோவின் முதுகெலும்பு கிடைத்துவிட்டது. தேர்வுக்குழு தேடுவது இதைத்தான்: இரண்டு ஊடகத்திலும் ஒரே கண் வேலை செய்கிறதா? ஓவியரான டேவிட் ஹாக்னி 1982-இல் போலராய்ட் படங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி உருவங்கள் செய்யத் தொடங்கியது ஒரு நல்ல உதாரணம். ஒரே பார்வைக்கோணத்தில் உலகம் அடங்குமா என்ற ஓவியரின் கேள்வியை அவர் கேமராவிடம் கேட்டார்.

இந்த முதுகெலும்போடு ஒட்டாத அழகான படங்கள் நிறைய மிஞ்சும். சூரிய அஸ்தமனம், பனித்துளி, சிரிக்கும் குழந்தை. வலித்தாலும் விட்டுவிடுங்கள். ஒரு தொடருக்குள் வண்ணத்தையும் கறுப்பு வெள்ளையையும் காரணமின்றிக் கலக்காதீர்கள். வண்ணம் சரியாக வரவில்லை என்பதற்காகக் கறுப்பு வெள்ளையாக்கிய படம் அனுபவமுள்ள கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும்.

மற்றவர்களின் போர்ட்ஃபோலியோக்கள் உங்களைக் குழப்புவது, மொத்தமாகப் பார்ப்பதால். ஐந்து பேரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரின் ஒரு தொடரை முழுதாக உங்கள் ஸ்கெட்ச் புத்தகத்தில் தீப்பெட்டி அளவுக் கட்டங்களாக வரையுங்கள், ஒரு படத்துக்கு ஒரு நிமிடம் போதும். ஒவ்வொன்றின் கீழும் மூன்று குறிப்புகள்: ஒளி எந்தப் பக்கம், கேமரா எவ்வளவு தூரம், அடிவானம் எங்கே. புகைப்படக் கலைஞர்களான பெர்ன்ட், ஹில்லா பெக்கர் தம்பதியின் தண்ணீர்த் தொட்டிப் படங்களை இப்படி வரைந்தால் பத்தாவது கட்டத்தில் உங்கள் கைக்கே விளங்கிவிடும். நிழல் விழாத மேகமூட்ட வானம், நேர்முகப் பார்வை, சட்டத்தில் ஒரே அளவு. 1959-இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் அவர்கள் காத்த ஒழுங்கு அது. கற்றுக்கொள்ள வேண்டியது தண்ணீர்த் தொட்டியை அல்ல, எதையெல்லாம் மாறாமல் வைத்தார்கள் என்பதை. உங்கள் தொடரில் எது மாறாமல் இருக்கிறது என்று அதே கட்டங்களை வரைந்து பாருங்கள்.

இருபது பக்கம் என்பது வரம்புதான், இலக்கு அல்ல. பதினாறு நல்ல பக்கங்களோடு நிறுத்தலாம். ஏழெட்டு ஓவியங்கள், அந்தப் பன்னிரண்டிலிருந்து அதே அளவு புகைப்படங்கள், ஸ்கெட்ச் புத்தகத்தின் ஓரிரு பக்கங்கள். இந்தக் கடைசி வகையை மாணவர்கள் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள்; தவறு. அடித்துத் திருத்திய கோடு உங்கள் சிந்தனையைக் காட்டும். பக்கம் அகலவாக்கில், வெள்ளை அல்லது இளஞ்சாம்பல் பின்னணியில், பக்கத்துக்கு ஒரு படம். மிக வலுவானது முதலில், அடுத்த வலுவானது கடைசியில். ஓவியத்தைப் பொய்யான வரவேற்பறைச் சுவரில் மாட்டிக் காட்டும் மாதிரிப் படங்கள் வேண்டாம், குறுக்கே ஓடும் வாட்டர்மார்க்கும் வேண்டாம்.

ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு. அளவில் உயரம் முதலில், அகலம் அடுத்து, செ.மீ. கணக்கில். புகைப்படத்துக்கு அச்சு முறையும் அச்சின் அளவும். இன்னொருவர் எடுத்த படத்தைப் பார்த்து வரைந்திருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். முகம் தெளிவாகத் தெரிபவர்களிடம் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும்.

பிடிஎஃப்பாக மாற்றும்போது சில மென்பொருள்கள் படங்களைத் தாமாகவே சுருக்கும். மெல்லிய பென்சில் கோடுள்ள பக்கத்தை முழு அளவில் பெரிதாக்கிப் பாருங்கள்; கோடு படிக்கட்டுபோல் உடைந்திருந்தால் தரத்தைக் கூட்டி மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள். கோப்பு கேட்ட அளவைத் தாண்டினால் தரத்தைக் குறைப்பதற்கு முன் ஒரு பக்கத்தைக் குறைத்துப் பாருங்கள். எல்லாம் முடிந்ததும், உங்கள் வேலையை அறியாத ஒருவரிடம் கைப்பேசியில் திறந்து கொடுத்துவிட்டுப் பேசாமல் அவர் விரலைக் கவனியுங்கள். எந்தப் பக்கத்தில் நிற்கிறது, எதை நிற்காமல் தள்ளுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பேர் அதே பக்கத்தைத் தள்ளினால், அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு அனுப்புங்கள்.