வெள்ளவத்தை மழையில் நெல் விளையாது

கேள்வி: கொழும்பில் வருஷம் முழுக்க மழை பெய்கிறது. ஆனால் அரிசி, தேங்காய், மரக்கறி விலை ஏறும்போது காரணம் கேட்டால், ஒருமுறை வரட்சி என்கிறார்கள், மறுமுறை வெள்ளம் என்கிறார்கள். கமக்காரருக்கும் வியாபாரிக்கும் காலநிலை நல்லதொரு சாட்டாகிவிட்டதா? பேசாமல் எல்லாவற்றையும் இறக்குமதி செய்தால் என்ன?
(வாசகர் ஒருவர், வெள்ளவத்தை)

பதில்: வரட்சியும் உண்மை, வெள்ளமும் உண்மை ஐயா. சில வருஷங்களில் இரண்டும் ஒரே மாதத்தில் உண்மை.

2017 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். களுத்துறை, இரத்தினபுரி, மாத்தறை, காலிப் பக்கமெல்லாம் வெள்ளமும் மண்சரிவும். இருநூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். தொலைக்காட்சியில் நாம் தோணிகளைப் பார்த்துக்கொண்டிருந்த அதே கிழமைகளில், வடக்கிலும் கிழக்கிலும் குளங்கள் வற்றிக் கிடந்தன. அந்த வருஷ நெல் விளைச்சல் சுமார் 24 இலட்சம் தொன். அதற்கு முந்திய வருஷத்தோடு பார்த்தால் ஏறக்குறைய 46 சதவீதம் குறைவு. யார் யாருக்குச் சாட்டுச் சொன்னார்கள்?

மே முதல் செப்டெம்பர் வரை உங்கள் ஜன்னலில் அடிக்கிற தென்மேற்குப் பருவமழை, மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி அங்கேயே கொட்டித் தீர்த்துவிடும். மலையைத் தாண்டி மட்டக்களப்பில் இறங்கும்போது அந்தக் காற்றில் ஈரம் இராது. கச்சான் என்று அங்கே சொல்வார்கள். வயலோடு ஆளையும் காயவைக்கிற காற்று. தீவில் மூன்றில் இரண்டு பங்கு உலர்வலயம். அங்கே பெரும்போகம், அதாவது வருஷத்தின் பெரிய நெற்போகம், நம்பியிருப்பது ஐப்பசி முதல் மார்கழி வரை வருகிற மாரி மழையை. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் அந்த மாரி இறக்கிவிட்டுப் போகிற தண்ணீரைத்தான் அடுத்த மாரிவரை கிணற்றிலிருந்து இறைக்கிறார்கள். வெங்காயமும் மிளகாயும் அதில்தான். வெள்ளவத்தை மழைக்கும் அந்தக் கிணற்றுக்கும் எந்த உறவும் இல்லை.

வருஷத்துக்கு எத்தனை மில்லிமீற்றர் பெய்தது என்று கணக்குப் பார்ப்பதிலும் பெரிய பிரயோசனம் இல்லை. எப்போது பெய்தது என்று கேளுங்கள். மானாவாரிக் கமக்காரர் மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிடுவார். ஒரு தூறல் விழுந்து முளை வந்த பிறகு இரண்டு மூன்று கிழமை மழை பொய்த்தால் முளை கருகும். திரும்ப உழவு, திரும்ப விதைநெல், அப்புறம் திரும்பக் கடன். அதைத் தாண்டிக் கதிர் முற்றித் தலை சாய்கிற நேரம், வெயில் வேண்டிய தை மாதத்தில், மழை வந்து நின்றால்? நெல் விழுந்து தண்ணீருக்குள் கிடக்கும். அறுவடை மெஷின் சேற்றில் இறங்காது. இறங்குகிற மெஷினுக்கு ஏக்கருக்குக் கூலி கூடுதலாகக் கேட்பார்கள். வெட்டி எடுத்த ஈரநெல்லை வீதியோரம் பரப்பிக் காயவைத்தால், வாங்க வருகிறவர் கையில் அள்ளிப் பார்த்து விலையைக் குறைப்பார். மழை போதாமல் நட்டப்பட்ட அதே ஆள், நான்கு மாதத்துக்குள் மழை கூடியும் நட்டப்படுகிறார். நீங்கள் கேலி செய்கிற அந்த 'ஒருமுறை இது, மறுமுறை அது' இதுதான்.

சரி, வியாபாரியைப் பற்றிய உங்கள் சந்தேகத்தில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். 2024 ஜனவரியில் கொழும்பில் ஒரு கிலோ கரட் 2000 ரூபாவைத் தொட்டது. அந்தக் காசு நுவரெலியாத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்றா நினைக்கிறீர்கள்? மழையில் பாத்தி அழுகிப்போனவரிடம் விற்கக் கரட்டே இல்லை. தப்பிப் பிழைத்த நாலு மூடை தம்புள்ளை, பேலியகொடை மொத்தச் சந்தைகளில் கைமாறக் கைமாற விலை ஏறியது. நன்றாக விளைந்த மாதத்திலோ லொறிக்கூலிக்கும் காணாத விலையில் அதே கரட்டைத் தள்ளிவிடுகிறார்கள். அப்போது நீங்களும் நானும் யாரிடமும் கேள்வி கேட்பதில்லை.

தேங்காய்க் கதை இன்னும் மோசம், அது உடனே காட்டிக்கொடுக்காது. பாளை விரிந்து காய் முற்றிப் பறிக்க ஏறக்குறைய ஒரு வருஷம். இடையில் கடும் வெயில் அடித்தால் குரும்பை கொட்டிவிடும். குருநாகல், புத்தளம் பக்கம் வெயில் எரித்த செய்தி பத்திரிகையில் வந்தபோது நாம் பக்கத்தைப் புரட்டிவிட்டோம். 2024 கடைசியில் ஒரு தேங்காய் 200 ரூபா என்றதும் கடைக்காரரோடு சண்டை பிடித்தோம்.

தேயிலையையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், விலைப்பட்டியலில் தெரியாது என்பதால். வெயில் எரித்தால் கொழுந்து இல்லை, நிறை காணாது, அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம்தான். அடைமழையென்றால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டைப் பார்த்தபடி இரவு விழித்திருக்க வேண்டும். கொழும்புக் கடைகளில் வேலை செய்கிற மலையகப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

இறக்குமதிக்கு வருகிறேன். விளைச்சல் இல்லாத வருஷத்தில் செய்யத்தான் வேண்டும். 2017இலும் வெளிநாட்டு அரிசிதான் கைகொடுத்தது. 'எல்லாவற்றையும்' என்ற உங்கள் சொல்லோடுதான் எனக்குத் தகராறு. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியபோது இங்கே விலை எங்கே போனது என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். அந்த ஊர் மழையும் பொய்க்கும், அந்த அரசாங்கமும் தன் சனத்தைத்தான் முதலில் பார்க்கும். இன்னொன்று: மார்கழியில் கொழும்பில் தீர்மானித்த கப்பல் மாசியில் துறைமுகத்துக்கு வந்தால், அது பெரும்போக அறுவடையின் தலையில்தான் இறங்கும். நெல் விலை விழும். அடுத்த போகத்துக்குக் கமக்காரர் வயலைத் தரிசாக விட்டால், அதற்குக் காலநிலையைச் சாட்டுச் சொல்ல முடியாது.