பரந்தன் மில்லும் கனடா மாமியின் காசும்

பரந்தனில் அரிசி மில் வைத்திருக்கிற ஒருவர் போன கிழமை மனைவியோடும் மகளோடும் என்னிடம் யோசனை கேட்டு வந்தார். மகள் உயர்தரம் வர்த்தகப் பிரிவு, மூன்று பாடமும் சித்தி. ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி முகாமைத்துவத்துக்குக் காணாது. கனடாவில் இருக்கிற மாமி, பிள்ளையைக் கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் வெளிநாட்டுப் பட்டத்துக்குப் போடச் சொல்லி ஒற்றைக் காலில் நிற்கிறாவாம். முதல் வருடக் காசு அவ தருவா. மிச்சத்துக்கு வயலை ஈடு வைக்கலாம் என்பது அப்பாவின் யோசனை. அம்மா சீலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தா.

"பயப்பிடாதேங்கோ, வழி இருக்கு" என்றுதான் தொடங்கினேன். அந்த விளம்பரத் தாளை வாங்கிப் பார்த்த பிறகு ஆறுதல் சொல்ல மனம் வரவில்லை. வணிக முகாமைத்துவப் பட்டம், டிஜிட்டல் சந்தைப்படுத்தல் சிறப்புப் பாடம்.

ஐயா, வயலில் கை வைக்காதேங்கோ. மாமி தருவது ஒரு வருடத்துக்கு. படிப்பு மூன்று வருடம். வெள்ளவத்தையில் அறை வாடகையும் சாப்பாடும் அதற்கு மேலே. பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்குமா என்று எழுத்தில் கேட்டீர்களா? கேட்கவில்லை. பிறகு எந்தத் துணிவில் காணி உறுதியைத் தூக்கிக்கொண்டு வங்கிக்குப் போகப் பார்க்கிறீர்கள்?

திரும்பப் பரீட்சை எடுக்கிறது, வங்கி வேலை, ஆசிரியர் வேலை பற்றிச் சந்தியில் நிற்கிறவர்களே சொல்லுவினம். நான் மகளிடம் ஒன்றுதான் கேட்டேன்: மில்லின் பேஸ்புக் பக்கத்தை யார் பார்க்கிறது?

"நான்தான், சேர்."

போனைக் காட்டினாள். புழுங்கல் அவிக்கிற ஆவி, ஆட்டக்காரி என்கிற நெல்லின் அரிசியைக் கையில் அள்ளிக் காட்டுகிற படம். அதற்குக் கீழே ரொறன்ரோவில் இருந்து ஒருவர்: "அம்மா கிளிநொச்சியில் தனிய இருக்கிறா. மாதம் 10 கிலோ வீட்டை கொண்டுபோய்க் குடுப்பீங்களோ?" ஒன்பது நாளாகப் பதில் இல்லை. அப்பாவைக் கேட்காமல் எப்படிச் சொல்லுறது என்று பிள்ளை பேசாமல் விட்டிருக்கிறாள்.

காசு கொடுக்கிறவர் கனடாவில், சோறு சமைக்கிறவ கிளிநொச்சியில். வன்னி வியாபாரத்துக்கு இதைவிடப் பெரிய பாடம் எந்தத் தாளிலும் இருக்காது.

என் யோசனை இது. பிள்ளை ஒரு வருடம் உங்கள் மில்லிலேயே சந்தைப்படுத்தலுக்குப் பொறுப்பாக இருக்கட்டும், கூடவே படிக்கட்டும். கூகுளின் ஸ்கில்ஷொப் என்கிற பயிற்சித் தளத்தில் விளம்பரப் பாடங்களும் பரீட்சையும் இலவசம். சான்றிதழ் ஒரு வருடத்துக்குச் செல்லும். ஹப்ஸ்பொட் அக்கடமி என்கிற தளத்திலும் சந்தைப்படுத்தல் பாடங்கள் இலவசம். ஆங்கிலம் இடிக்கும். இடிக்கட்டும், அகராதியை வைத்துக்கொண்டு படித்தால் ஆங்கிலமும் சேர்ந்து வரும்.

மில்லில் வட்ஸ்அப் பிசினஸ் போடுங்கோ. அரிசி வகையும் விலையும் அதன் பட்டியலில் ஏறட்டும். கேட்டவர், வாங்கியவர், திரும்ப வாங்கியவர் என்று ஒவ்வொருவருக்கும் அடையாளம் குத்தலாம். கூகுள் வரைபடத்தில் மில்லைப் பதியக் காசு இல்லை. பதிவு போடுகிற நேரமும் கணக்குத்தான்: இங்கே காலை 6 மணி என்றால் ரொறன்ரோவில் முதல் நாள் இரவு ஏழரை, அவர்களின் கோடையில் எட்டரை. வேலை முடிந்து போனோடு இருக்கிற நேரம்.

விளம்பரத்துக்குக் காசு போட்டால் லைக்கை எண்ணக்கூடாது. ஒரு கணக்குச் சொல்கிறேன். 3,000 ரூபா போட்டு 20 பேர் கேட்டு 4 பேர் வாங்கினால், பைக்கு 400 ரூபா இலாபம் என்றாலும் வருவது 1,600. கையில் 1,400 நட்டம். அந்த நாலு பேரும் அடுத்த மாதமும் வாங்கினால் நட்டம் போய் 200 ரூபா மிஞ்சும். ஆகவே திரும்ப வருகிறவர் எத்தனை பேர் என்பதுதான் முதலாளி கேட்க வேண்டிய கேள்வி. இது மகளுக்கு மட்டும் உள்ள பாடமில்லை, ஐயா. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறதா இல்லையா என்று நீங்கள் முடிவு சொல்லாமல் அவள் என்னத்தை எழுதினாலும் விற்காது.

பேஸ்புக் பக்கத்துக்கு இரண்டு நிர்வாகிகள் இருக்க வேணும். எனக்குத் தெரிந்த ஒரு கடையின் பக்கம், அதைத் திறந்த பெடியன் டோகாவுக்குப் போனதோடு போய்விட்டது. கடவுச்சொல் அவனுக்கே மறந்துபோச்சு.

பட்டம் வேணும் என்றால் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது, வேலை செய்துகொண்டே படிக்கலாம். மாமிக்கு மனமிருந்தால் அந்தக் கட்டணத்தைக் கட்டட்டும்.

பிள்ளையிடம் கொழும்புக்குப் போக விருப்பமா என்று உங்களுக்கு முன்னாலேயே கேட்டேன். தலையை ஆட்டி இல்லை என்றாள். நீங்கள் அப்போது மாமியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தீர்கள்.

ஒரு நிபந்தனை. வீட்டுப் பிள்ளைதானே என்று சும்மா வேலை வாங்கக்கூடாது. மாதச் சம்பளம் பேசி, அவளின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் போடுங்கோ. வருட முடிவில் வேறு இடம் போகப்போகிறேன் என்றால் விட வேணும்.

ரொறன்ரோக்காரருக்கு இன்னும் பதில் போகவில்லை. நாளைக்குக் காலை 6 மணிக்குப் போடட்டும்.