பாகம் பாகமாக மாற்றியும் தீராத பழுது: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: என் காரில் செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. வொர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, பி0010 என்ற கோடு (பழுதுக் குறியீடு) வருகிறது என்று வால்வு டைமிங் சொலினாய்டை (வால்வு திறக்கும் நேரத்தை மாற்ற எண்ணெயைத் திருப்பிவிடும் மின்வால்வு) மாற்றினார்கள். மூன்றே நாளில் விளக்கு மறுபடி எரிந்தது. அப்புறம் கேம் ஷாஃப்ட் ஆக்சுவேட்டரை (வால்வுகளைத் திறக்கும் தண்டின் கோணத்தை மாற்றும் பாகம்) மாற்றினார்கள். பலனில்லை. இப்போது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு போய்விட்டது என்கிறார்கள். வேறொரு மெக்கானிக், சொலினாய்டுக்குப் போகும் வயர் கனெக்டர் அருகே உறைக்குள் அறுந்திருக்கிறது என்றார். அதை இன்னும் சரி செய்யவில்லை. முதல் வொர்க்‌ஷாப் பணம் தர மறுக்கிறது. வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் அந்த வயரை இப்போதைக்கு யாரும் தொட வேண்டாம். உங்கள் வழக்கின் முக்கியமான சாட்சியே அதுதான். அதைச் சரி செய்துவிட்டு என்னிடம் வருபவர்கள் அதிகம். பழுது எங்கே இருந்தது என்று காட்ட அவர்களிடம் எதுவும் மிச்சம் இருக்காது.

பழுது தீரவில்லை என்பது மட்டும் சேவைக் குறைபாடு ஆகாது. கவனமாக வேலை பார்க்கிறவருக்கும் சில பழுதுகள் பிடிபடாமல் போகும். எதிர்த்தரப்பு இதைத்தான் சொல்லும். குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார் கொடுப்பவருடையது. ஆகவே நீங்கள் காட்ட வேண்டியது, சோதிக்காமலேயே பாகங்களை மாற்றினார்கள் என்பதை.

இதில் அந்தக் கோடே உங்களுக்குத் துணை. பி0010 என்பது இன்டேக் (காற்று உள்ளே வரும் வால்வுகளுக்கான) கேம் ஷாஃப்ட் கட்டுப்பாட்டின் மின்சுற்றில் கோளாறு என்றுதான் சொல்கிறது. சுற்று என்றால் சொலினாய்டின் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்), கனெக்டர், வயர், இசியு எல்லாமே அடக்கம். எது கெட்டது என்று கோடு சொல்லாது. வால்வு திறக்கும் டைமிங் அளவுக்கு மீறி முன்னால் போனால் வருவது பி0011. எண்ணெய் அழுக்கையும் ஆக்சுவேட்டரையும் சந்தேகிக்க வேண்டிய இடம் அது. சொலினாய்டு வைத்த எஞ்சினில் ஆக்சுவேட்டர் எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது. மின்சுற்றுக் கோடு வந்த வண்டியில் அதை மாற்றியதை அவர்களால் நியாயப்படுத்துவது கடினம். உங்கள் வழக்கில் வலுவான பகுதி இதுவே.

சொலினாய்டு விஷயம் கொஞ்சம் வேறு. கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் காயிலின் ஓம்ஸ் (மின்தடை) பார்த்திருக்க வேண்டும். பல வண்டிகளில் இது 7 முதல் 12 ஓம்ஸ் வரை இருக்கும். உங்கள் மாடலுக்கான சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். காயில் சரியென்றால் அடுத்து வயர்: இசியு வரை தொடர்பு இருக்கிறதா, பாடியில் ஷார்ட் ஆகிறதா என்று வயரை அசைத்துக்கொண்டே பார்ப்பார்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் இசியு மேல் கை வைக்க வேண்டும். அதனால் கழற்றிய பழைய சொலினாய்டை எழுத்து மூலம் கேளுங்கள். அளந்து பார்த்து அது நல்ல நிலையில் இருந்தால், நல்ல பாகத்தைக் கழற்றினார்கள் என்பதற்கு அதுவே ஆதாரம். தர மறுத்தாலும் அந்த மறுப்பைப் புகாரில் எழுதலாம்.

அடுத்து, வாகனச் சர்வேயர் அல்லது ஆட்டோமொபைல் பொறியாளர் ஒருவரை வைத்துச் சோதனை நடத்துங்கள். இரண்டாவது மெக்கானிக்கின் வார்த்தையை மட்டும் நம்பினால், தொழில் போட்டி என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். சோதனை நாளைக் குறிப்பிட்டு முதல் வொர்க்‌ஷாப்பையும் வரச் சொல்லிப் பதிவுத் தபால் அனுப்புங்கள். அவர்கள் வராவிட்டாலும், ஒளித்து மறைத்துச் செய்ததாகப் பிறகு சொல்ல முடியாது. அறுந்த இடத்தைப் படம் எடுங்கள், அளவுகளை அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். அதுவரை ஸ்கேனரில் கோடை அழிக்காதீர்கள். கோளாறு பதிவான நேரத்து வேகம், வெப்பநிலை போன்ற விவரங்களும் சேர்ந்து அழிந்துவிடும். வண்டி சில நாள் நிற்பது சிரமம்தான். ஆனால் பிறகு எவ்வளவு வாதாடினாலும் இந்த ஆதாரத்தை உண்டாக்க முடியாது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பெரும்பாலும் பிரமாண வாக்குமூலமும் ஆவணங்களும் வைத்தே முடிவெடுப்பார்கள் என்பதால், பொறியாளரின் அறிக்கையோடு அவருடைய வாக்குமூலத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். பில் தராமல் விட்டிருந்தால் அதுவும் முறையற்ற வணிக நடைமுறை, தனியாகக் குறிப்பிடுங்கள்.

முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். ஆக்சுவேட்டரின் விலை, அதற்கான கூலி, சோதனைச் செலவு ஆகியவற்றை உறுதியாகக் கேளுங்கள். சொலினாய்டின் விலையையும் கேளுங்கள். ஆனால் புதுப் பாகம் வண்டியில்தானே இருக்கிறது என்று அவர்கள் வாதிடுவார்கள், முழுத் தொகையும் கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. இசியுவுக்கு மட்டும் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்க வேண்டாம்.