சேயோனும் சுப்பிரமணியரும்: பழனிமலை வாசகர்களுக்குச் சில விடைகள்

பழனியிலிருந்தும் மேல்மலை, கீழ்மலை ஊர்களிலிருந்தும் இந்து சமயத்தின் தோற்றம், தெய்வங்கள், கொள்கைகள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

இந்து சமயத்தை நிறுவியவர் யார், ஐயா? (பண்ணைக்காடு)

நிறுவியவர் என்று ஒருவரும் இலர். ‘இந்து’ என்பதும் முதலில் சமயப் பெயரன்று. சிந்து என்னும் ஆற்றுப் பெயரைப் பாரசீகர் தம் நாவிற்கேற்ப ஒலித்ததால், அந்நிலத்து மக்களுக்கு வந்த பெயர் அது. நூல்களுள் பழமையானது 1028 சூக்தங்கள் (துதிப்பாடல்கள்) கொண்ட ரிக் வேதம். அதில் மிகுதியாகப் போற்றப்படுவோர் இந்திரனும் அக்கினியும். விஷ்ணுவுக்கும் உருத்திரனுக்கும் உரிய பாடல்கள் சிலவே. ஆகவே இன்று நாம் கோயிலில் காணும் வழிபாட்டை வேதத்திலிருந்து மட்டுமே வருவித்துவிட முடியாது. ஆகமங்களும் புராணங்களும் ஆழ்வார் நாயன்மார் பாடல்களும் ஊர்த்தெய்வ வழிபாடும் அதில் கலந்துள்ளன.

எங்கள் குழந்தை வேலப்பரும் வடநாட்டார் சொல்லும் கார்த்திகேயனும் ஒருவர்தாமா? (பூம்பாறை)

இன்று ஒருவரே, ஆனால் இரண்டு மரபுகள் வந்து சேர்ந்த இடம் அவர். ‘சேயோன் மேய மைவரை உலகமும்’ என்று தொல்காப்பியம் மலைநிலத்தைச் சேயோனாகிய முருகனுக்கு உரியதாக்குகிறது. சங்கப் பாடல்களில் அவன் பெயரால் வேலன் என்னும் பூசாரி வெறியாடுகிறான். தினை தூவி, மறியறுத்து வழிபடுகிறார்கள். வடமொழி மரபிலோ அவன் சிவனுடைய தீயில் தோன்றி, கங்கையால் தாங்கப்பட்டு, கார்த்திகைப் பெண்டிரால் வளர்க்கப்பட்ட தேவசேனாபதி. நக்கீரர் பாடிய திருமுருகாற்றுப்படையில் இவ்விரண்டும் முரண்படாமல் நிற்கின்றன: ஆறுமுகமும் சரவணப் பிறப்பும் வருகின்றன, குருதி கலந்த அரிசியைப் பலியாகத் தூவும் குறிஞ்சி வழிபாடும் வருகிறது. தெய்வயானை ஒருபுறமும் குறமகள் வள்ளி மறுபுறமும் இருக்கும் கோலத்தை இந்த இணைப்பின் உருவமாகவே நான் காண்கிறேன். அகநானூற்றின் முதற்பாட்டு ஆவியர் தலைவனுடைய ‘பொதினி’யைச் சொல்கிறது, அது இன்றைய பழனி. நக்கீரர் பாடியதோ அடிவாரத்துத் திருஆவினன்குடியை. படியேறும் அவசரத்தில் அந்தக் கோயிலை வெளியிலிருந்தே கும்பிட்டுக் கடப்பவர்கள் ஒருமுறை உள்ளே சென்று வரலாம்.

முப்பத்து முக்கோடி தேவர்கள் என்கிறார்களே, கடவுள் ஒன்றா, பலவா? (கொடைக்கானல், கல்லூரி மாணவி)

இக்கேள்வி உங்களுக்கு முன்பே கேட்கப்பட்டுவிட்டது, அம்மா. பிருகதாரணியக உபநிடதத்தில், தேவர் எத்தனை பேர் என்று சாகல்யர் கேட்க, யாக்ஞவல்கியர் முதலில் 3306 என்கிறார். மீண்டும் மீண்டும் கேட்க, 33, ஆறு, மூன்று, இரண்டு, ஒன்றரை என்று குறைத்துக்கொண்டே வந்து, இறுதியில் ஒன்று என்கிறார். அந்த 33 பேர் வசுக்கள் எண்மர், உருத்திரர் பதினொருவர், ஆதித்தியர் பன்னிருவர், இந்திரன், பிரசாபதி. திருமுருகாற்றுப்படையும் ஆவினன்குடிப் பகுதியில் ‘பதினொரு மூவர்’ என்று இதே எண்ணைச் சொல்கிறது. உரைகாரர் மட்டும் கடைசி இருவரைத் தேவ மருத்துவர் என்பார். ‘கோடி’ என்றால் வகை என்று பொருள் சொல்லித் தப்பிக்க வேண்டிய தேவையே இல்லை. பலவாக வழிபடுவதும் ஒன்றாக உணர்வதும் இச்சமயத்தில் ஒன்றையொன்று விலக்குவதில்லை.

வினையும் மறுபிறப்பும் எல்லாப் பிரிவினருக்கும் பொதுவா? (தாண்டிக்குடி)

பெரும்பாலும் பொது; வீடுபேற்றின் இயல்பில்தான் வேறுபாடு. அத்வைதத்தில் உயிரும் பிரம்மமும் ஒன்றே. இராமானுசர் வழியில் உயிர் இறைவனுக்கு உடல் போன்றது. மத்துவர் வழியில் இரண்டும் என்றும் வேறு. சைவ சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) மூன்றும் அனாதி, அதாவது தொடக்கமற்றவை.

காவடி எடுப்பவர்கள் இடும்பனை ஏன் முதலில் வணங்குகிறார்கள்? (பழனி)

அகத்தியர் கட்டளைப்படி சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளைத் தோளில் சுமந்து வந்த அசுரன் இடும்பன். வழியில் இறக்கிவைத்த குன்று மீண்டும் அசையவில்லை. அதன்மேல் நின்ற சிறுவனோடு போரிட்டு மாண்டு, அவனருளால் உயிர் பெற்றான் என்பது தலபுராணம். தன்னைப் போலச் சுமை கொண்டு வருவோருக்கு அருள வேண்டும் என்று அவன் கேட்ட வரமே காவடியாயிற்று என்பர். மலைப்படியின் இடைவழியில் அவனுக்குச் சன்னதி இருப்பதும், பக்கத்துக் குன்று இடும்பன் மலை எனப்படுவதும் அதனால்தான்.