பேப்பர் போடுறதுக்கு முன்னாடி: பேரோல் அக்கா பதில்கள்

முதல்ல என்னைப் பத்தி ரெண்டு வரி. சென்னை ஓஎம்ஆர்ல ஒரு கம்பெனில 13 வருஷம் பேரோல், அதாவது சம்பளக் கணக்கு பார்த்தேன். 2021ல பேப்பர் போட்டேன், அதாவது ராஜினாமா பண்ணினேன், அப்ப வயசு 38. இப்ப செங்கல்பட்டு பக்கத்துல மூணு மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறேன், கூட ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க. வேலைய விட்டவங்களோட ஃபுல் அண்ட் ஃபைனல் கணக்கு, அதாவது கடைசி செட்டில்மென்ட், அவ்ளோ போட்டிருக்கேன், அதனால எங்க எங்க காச கோட்டை விடுறாங்கன்னு நல்லாவே தெரியும். மத்த கேள்விக்கெல்லாம் பட்டதை வச்சு சொல்றேன். கேட்டவங்க பேரெல்லாம் எடுத்துட்டேன்.

அக்கா, மெடிக்கல் பில்லிங்ல ஏஆர் காலர் (அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு போன் போட்டு பில் பாக்கிய கேக்குற வேலை), நைட் ஷிஃப்ட், 8 வருஷம் ஆச்சு. சம்பளம் 34 ஆயிரத்துலயே நிக்குது, டிஎல் (டீம் லீடர்) போஸ்டுக்கு மூணு தடவை இன்டர்வியூ குடுத்தாச்சு. இது நிஜமாவே முட்டுச்சந்தா, இல்ல எனக்குத்தான் அலுத்துப் போச்சா?

தம்பி, மொதல்ல பத்து நாள் லீவு போட்டு ராத்திரில தூங்கு. எட்டு வருஷம் ராத்திரி முழிச்சவனுக்கு எந்த வேலைய பார்த்தாலும் எரிச்சலாத்தான் வரும், அந்த நேரத்துல எடுக்குற முடிவ நம்ப முடியாது. தூங்கி எழுந்தப்புறமும் சாயங்காலம் கேப் டிரைவர் போன் வந்தாலே வயித்த பிசையுதுன்னா அப்ப யோசிக்கலாம்.

அடுத்தது உங்க டிஎல்ல ஒரு வாரம் கவனிச்சுப் பாரு. அவர் நாள் பூரா என்ன பண்றாரோ அத நாளைக்கே உன் கைல குடுத்தா சந்தோஷப்படுவியா? ஆமான்னா பிரச்சினை கம்பெனில, வேற கம்பெனி மாறினா போதும். இல்லன்னா உனக்கு புரமோஷன் வந்தாலும் ஆறு மாசத்துல இதே கேள்விய என்கிட்ட திரும்ப கேப்ப. நடுவுல இன்னொரு வழியும் இருக்கு, உங்க லைன்லயே சிபிசிங்கற கோடிங் பரீட்சை எழுதி மெடிக்கல் கோடிங் (நோய்க்கும் சிகிச்சைக்கும் பில்லுக்கான கோடு போடுறது) பக்கம் போனவங்க நிறைய பேர், அங்க பகல் ஷிஃப்ட் கிடைக்க வாய்ப்பு ஜாஸ்தி. போனை காதுல வைக்கவே வேணாம்ங்கறது தனி நிம்மதி.

என் கதைய கேட்டா சிரிப்ப. மாசா மாசம் 25ஆம் தேதி சம்பள ஷீட்ட லாக் பண்ணணும். ஒருநாள் சும்மா கணக்கு போட்டேன், 150 தடவைக்கு மேல அதே ஷீட்ட மூடியிருக்கேன், ஆனா இத்தனை வருஷத்துல ஒருத்தர் கூட "சம்பளம் சரியா வந்துச்சுங்க"ன்னு போன் பண்ணினதில்ல, தப்பா வந்தா மட்டும் அரை மணில நாப்பது மெயில். அது யாரோட தப்பும் கிடையாது, அந்த வேலை அப்படி. இப்ப ஒருத்தங்க பிளவுஸ போட்டுட்டு கண்ணாடி முன்னாடி திரும்பி முதுகுப் பக்கம் எப்படி இருக்குன்னு எட்டிப் பார்ப்பாங்க பாரு, அந்த ரெண்டு செகண்டுக்குத்தான் நான் வேலைய விட்டேன்னு நெனைக்கிறேன்.

கையில எவ்ளோ காசு இருந்தா விடலாம்? வீட்டுக் கடன் இருக்கு, மனைவி வேலைக்கு போகல, ஒரு பையன்.

ஆறு மாச செலவு கையில இருக்கணும்னு எல்லாரும் சொல்வாங்க. எந்த ஆறு மாசம்? ஜூன்ல ஸ்கூல் ஃபீஸ், அப்புறம் தீபாவளி, நடுவுல ரெண்டு கல்யாணம் ஒரு காதுகுத்து. ஒரு வருஷ செலவ எழுதி அத பன்னெண்டால வகுத்தா வர்றதுதான் உங்க நிஜமான மாச செலவு, நீங்க மனசுல வச்சிருக்கறத விட எப்படியும் கூட வரும்.

அப்புறம் இன்னொன்னு பண்ணுங்க. புது வேலைல என்ன வரும்னு எதிர்பாக்கறீங்களோ அத மட்டும் வச்சு இப்பவே ஆறு மாசம் குடும்பம் நடத்திப் பாருங்க, மீதிய தொடாதீங்க. நடத்த முடிஞ்சா சேமிப்பும் ஆச்சு, பழக்கமும் ஆச்சு. முடியலன்னா இப்பவே தெரிஞ்சது நல்லது.

லோன், கார்டு, வாடகை வீடு மாறுறது எதுவா இருந்தாலும் பே ஸ்லிப் இருக்கறப்பவே முடிச்சுடுங்க. விட்ட மறு மாசம் பேங்க்ல உங்களை ஆளாவே மதிக்க மாட்டாங்க. முக்கியமானது, கம்பெனி குடுத்த ஹெல்த் இன்ஷூரன்ஸ் கடைசி நாளோட நின்னுடும். அதுக்கு முன்னாடியே அதே இன்ஷூரன்ஸ் கம்பெனில தனி பாலிசியா மாத்திக் குடுங்கன்னு கேளுங்க, மாத்தினா இத்தனை வருஷம் கவர்ல இருந்தது கணக்குல வரும். புதுசா எடுத்தா ஏற்கனவே இருக்குற சுகர், பிபிக்கு மூணு வருஷம் வரைக்கும் காக்க வைக்கலாம். என்கிட்ட எக்ஸிட் ஃபார்மாலிட்டிக்கு வந்து உக்காந்த பத்துல ஒம்பது பேர் இத கேட்டதே இல்ல.

நாலு வருஷம் ஒம்பது மாசம் ஆச்சு. இனிமே ஒரு நாள் கூட முடியாது. விட்டுடவா?

அய்யோ, நில்லுங்க. அஞ்சு வருஷம் முடிஞ்சா கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை உண்டு. கணக்கு இதுதான்: கடைசி பேசிக் சம்பளத்த (டிஏ இருந்தா அதையும் சேர்த்து) 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி எத்தனை வருஷமோ அதால பெருக்கணும். பேசிக் 20 ஆயிரம்னா அஞ்சு வருஷத்துக்கு கிட்டத்தட்ட 57,700 ரூபா. நாலு வருஷத்துக்கு மேல அஞ்சாவது வருஷத்துல 240 நாள் வேலை பார்த்திருந்தாலும் செல்லும்னு மெட்ராஸ் ஹைகோர்ட் ஒரு தீர்ப்பு குடுத்திருக்கு, ஆனா எல்லா கம்பெனியும் அத கேட்டவுடனே ஒத்துக்காது, நீங்க நடந்து வாங்கணும்.

அதுக்கு பேரோல்காரங்க வழி சொல்றேன். நோட்டீஸ் பீரியடும் சர்வீஸ்தான். உங்களுக்கு 90 நாள் நோட்டீஸ்னா இன்னும் ரெண்டு மூணு வாரம் பல்ல கடிச்சுட்டு அப்புறம் பேப்பர் போடுங்க, கடைசி நாள் அஞ்சு வருஷத்த தாண்டி விழும். சீக்கிரமா ரிலீவ் பண்ணட்டுமான்னு ஆசை காட்டுவாங்க, தேதிய எண்ணிப் பார்க்காம தலையாட்டாதீங்க.

பிஎஃப் பணத்த எடுத்து பிசினஸ்ல போடலாமா? மூணு வருஷ சர்வீஸ், 2 லட்சத்துக்கு மேல இருக்கு.

வேணாம். அஞ்சு வருஷம் ஆகறதுக்கு முன்னாடி எடுத்தா வரி உண்டு, 50 ஆயிரத்துக்கு மேல போனா பான் இருந்தாலும் 10 சதவீதம் புடிச்சுட்டுதான் குடுப்பாங்க. பழைய கம்பெனிலயும் பிஎஃப் இருந்து அத இங்க டிரான்ஸ்ஃபர் பண்ணியிருந்தா அந்த வருஷமும் சேரும், அத பாருங்க. கம்பெனி போடுற 12ல 8.33 சதவீதம் பென்ஷன் பக்கம் போகுது, அதுல பத்து வருஷம் சேர்ந்தாத்தான் பென்ஷன். பென்ஷன் பக்கத்துப் பணத்தயும் சேர்த்து எடுத்துட்டா அந்தக் கணக்கும் அழிஞ்சு போய் திரும்ப ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கணும். கடைக்கு வேற காசு பாருங்க, இது உங்களுக்கு 60 வயசு ஆகும்போது இருக்கட்டும்.

பிரைவேட் பேங்க்ல சேல்ஸ், டார்கெட் டார்ச்சர் தாங்கல. வேலைய விட்டுட்டு முழு நேரமா டிஎன்பிஎஸ்சி படிக்கலாம்னு இருக்கேன். வயசு 28.

2025 குரூப் 4 நோட்டிஃபிகேஷன்ல 3,935 இடம், அப்ளை பண்ணினவங்க 13 லட்சத்துக்கும் மேல. பயமுறுத்தறதுக்கு சொல்லல, ஒரு வகுத்தல் போட்டுப் பாக்கச் சொல்றேன். வேலைல இருந்துட்டே காலைல ரெண்டு மணி நேரம் படிச்சு பழைய கேள்வித்தாள் பத்து எழுதுங்க. கட் ஆஃப்க்கு பக்கத்துல வர்றீங்கன்னா கடைசி நாலு மாசம் விட்டுட்டு படிக்கறதுல அர்த்தம் இருக்கு. தமிழ் பார்ட்ல 40 சதவீதம் எடுக்கலன்னா மீதிய திருத்தவே மாட்டாங்க, இங்கிலீஷ் மீடியம் புள்ளைங்க அங்கதான் வழுக்கி விழுறாங்க.

இன்னொரு கேள்வி, கோச்சுக்காதீங்க. ஜூனியர் அசிஸ்டன்ட் சீட்ல உக்காந்து ஃபைல் பார்க்கறது உங்களுக்கு புடிக்குமா, இல்ல டார்கெட் இல்லாத எதுவா இருந்தாலும் சரியா? ரெண்டாவதுன்னா டார்கெட் இல்லாத வேலை பேங்குக்குள்ளயே இருக்கு, ஆபரேஷன்ஸ் பக்கம் கேட்டுப் பாருங்க.

ரிலீவிங் லெட்டர் தர மாட்டோம்னு மிரட்டுறாங்க அக்கா. ஃபுல் அண்ட் ஃபைனலும் வரல, நாலு மாசம் ஆச்சு.

2025 நவம்பர் 21ல இருந்து நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டப்படி வேலைய விட்டவங்களுக்கு ரெண்டு வேலை நாள்ல பாக்கி சம்பளத்த செட்டில் பண்ணணும். அத குறிப்பிட்டு ஒரு மெயில் போடுங்க, மரியாதையா, ரெண்டே பாராவுல. போன்ல பேசாதீங்க, போன்ல பேசினது எதுவும் நிக்காது. அசையலன்னா லேபர் ஆபீஸ்ல புகார் குடுக்கலாம். ராஜினாமா மெயிலயும் அவங்க அக்செப்ட் பண்ணின பதிலயும் சொந்த ஐடிக்கு அனுப்பி வச்சிருக்கீங்களா? லேப்டாப்ப குடுத்துட்டு அப்புறம் தேடுறவங்க ஏராளம்.

பிஎஃப்ல எக்ஸிட் தேதி போடாம இழுத்தடிச்சா கடைசி கான்ட்ரிப்யூஷன் வந்து ரெண்டு மாசம் கழிச்சு யூஏஎன் (உங்க பிஎஃப் நம்பர்) லாகின்ல நீங்களே போட்டுக்கலாம். புதுசா எடுக்குற கம்பெனிங்க இப்ப அந்த சர்வீஸ் ஹிஸ்டரியதான் முதல்ல பாக்குறாங்க, கூட பே ஸ்லிப்பும் ஃபார்ம் 16ம் (கம்பெனி குடுக்குற வரிப் பிடித்த சர்டிஃபிகேட்) இருந்தா பாதி கிணறு தாண்டின மாதிரி.

டீச்சர் ஆகணும்னு ஆசை. வேலை பார்த்துட்டே தபால்ல பிஎட் பண்ண முடியுமா?

முடியாதும்மா. தொலைதூர பிஎட் ஏற்கனவே டிரெய்னிங் முடிச்சு டீச்சரா இருக்கறவங்களுக்கும், நேர்ல போய் டீச்சர் டிரெய்னிங் முடிச்சவங்களுக்கும்தான், மத்தவங்க ரெண்டு வருஷம் காலேஜ் போய்த்தான் ஆகணும். அப்புறம் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு வேற. "காலேஜுக்கு வர வேணாம், அட்டெண்டன்ஸ் நாங்க பாத்துக்கறோம்"னு எவனாவது சொன்னா காச குடுக்காதீங்க. அதுக்கு முன்னாடி சனி ஞாயிறு பக்கத்து வீட்டு எட்டாங்கிளாஸ் பசங்க ஆறு பேருக்கு கணக்கு டியூஷன் எடுங்க. மூணாவது மாசம் "மிஸ் புரியல"ன்னு அஞ்சாவது தடவை கேக்கும்போது கோவம் வருதா இல்லையான்னு பாருங்க.

பேக்கரி போடணும்னு ஆசை. கேக் நல்லா பண்ணுவேன், எல்லாரும் சொல்றாங்க. லோன் கிடைக்குமா?

பிஎம்இஜிபின்னு சொந்தத் தொழிலுக்கு மானியக் கடன் குடுக்குற மத்திய அரசு திட்டம் ஒண்ணு இருக்கு, மாவட்டத் தொழில் மையத்துல போய் கேளுங்க. பெண்களுக்கு டவுன்ல 25 சதவீதம், கிராமத்துல 35 சதவீதம் மானியம், உங்க கைக்காசு 5 சதவீதம் போட்டா போதும். ஆனா மானியம் கைக்கு வராது, பேங்க்ல மூணு வருஷம் டெபாசிட்டா கிடக்கும், கடை ஓடினாத்தான் கடன்ல கழிப்பாங்க. இத யாரும் முதல்ல சொல்றதில்ல, மானியம் வந்துச்சுன்னா மெஷின் வாங்கலாம்னு கணக்கு போட்டுட்டு வந்து நிப்பாங்க.

லோனுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. "எல்லாரும் சொல்றாங்க"ன்னு சொன்னீங்கல்ல, அவங்க ஓசில சாப்பிட்டவங்க. உங்க ஊர்ல எதாவது ஒரு பேக்கரில பத்து நாள் காலைல நாலு மணிக்கு போய் நில்லுங்க, சம்பளம் வேணாம்னு சொல்லுங்க. ஓவன் சூட்டுல நின்னு டிரே கழுவி, சாயங்காலம் மிஞ்சின பன்ன எண்ணிட்டு வாங்க. எந்த வேலைக்கும் அதோட மோசமான நாள் ஒண்ணு இருக்கும், பேப்பர் போடுறதுக்கு முன்னாடி அந்த நாள ஒரு தடவையாவது வாழ்ந்து பாத்துடணும்.

நான் அப்படித்தான் பண்ணினேன். 2020 தீபாவளிக்கு முன்னாடி மூணு வாரம், வொர்க் ஃப்ரம் ஹோம் முடிச்சுட்டு ராத்திரி எங்க தெரு டெய்லர் அக்கா கடைல உக்காந்து கொக்கி தச்சேன். ஒரு பிளவுஸுக்கு ஆறு கொக்கி, ஒரு ராத்திரிக்கு முப்பது பிளவுஸ், விரல் நுனி பூரா ஊசி குத்து. தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி பதினொரு மணிக்கு ஒருத்தங்க வந்து "கை புடிக்குது, நாளைக்கு காலைல எத போடுறது"ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்தினாங்க. அக்கா ஒண்ணும் பேசாம தையல பிரிச்சாங்க, நான் டார்ச் புடிச்சேன், அரை மணில சரியாச்சு. வீட்டுக்கு வரும்போது கால் வலி, ஆனா அடுத்த நாளும் போகணும் போல இருந்துச்சு.

27 வயசு, ஐடி. விட்டுட்டு ஊர்ல ஆடு, கோழி பண்ணை வைக்கலாம்னா அப்பா பொண்ணு கிடைக்காதுன்னு அழுவுறார்.

அப்பா சொல்றது பொய் இல்ல தம்பி, தரகர்ங்க ஜாதகத்த விட கம்பெனி பேரத்தான் முதல்ல கேக்குறாங்க. அவர்கிட்ட வாதாடாத. இருபது ஆடு வாங்கி ஊர்ல விட்டு அவரையே பார்த்துக்கச் சொல்லு, தீவனக் கணக்க வாரா வாரம் போன்ல கேளு. ஒரு வருஷத்துல ஒண்ணு அவருக்கு புடிச்சுடும், இல்ல உனக்கு விட்டுடும்.

வருத்தப்பட்டிருக்கீங்களா அக்கா? உண்மைய சொல்லுங்க.

முதல் வருஷம் நிறைய. மாசக் கடைசில போன்ல சம்பள மெசேஜ் வராது பாருங்க, அந்த தேதி வந்தாலே ஒரு மாதிரி இருக்கும். ஆடி மாசம் சுத்தமா ஆர்டர் இல்ல, அப்புறம் ஆவணில முகூர்த்தம் ஆரம்பிச்சா மூச்சு விட முடியாது. பழைய சம்பளத்த தொட மூணே கால் வருஷம் ஆச்சு, இப்பவும் சில மாசம் தொடாது. வீட்டுக்காரர் சம்பளம் மட்டும் இல்லன்னா நான் இத பண்ணியிருக்கவே முடியாது, அத மறைச்சுட்டு தைரியமா குதிங்கன்னு உங்களுக்கு சொன்னா அது ஏமாத்து வேலை. மாமியார் ரெண்டு வருஷம் சொந்தக்காரங்ககிட்ட நான் லீவுல இருக்கேன்னே சொல்லிட்டு இருந்தாங்க. போன பொங்கலுக்கு அவங்களே நாலு பேர கூட்டிட்டு வந்து அளவு குடுக்க வச்சாங்க, தள்ளுபடி கேட்டது வேற விஷயம்.

கடைசியா ஒண்ணு, ஓவர்லாக் மெஷின் (துணி ஓரம் பிரியாம தைக்கிறது) புதுசு வாங்கவா, செகண்ட் ஹேண்டா?

செகண்ட் ஹேண்ட் போதும், ஆனா தச்சுப் பார்க்காம வாங்காதீங்க. வீட்ல இருந்து ஒரு சிந்தெடிக் துணியும் ஒரு காட்டன் லைனிங்கும் எடுத்துட்டு போங்க, விக்கறவர் குடுக்குற துணில எல்லா மெஷினும் நல்லாத்தான் ஓடும்.