வாசகர் கேள்வி: இணைப்பு எந்தப் படியில் நின்றது?

கேள்வி: நண்பர்கள் இருவருடன் சேர்ந்து, உலாவியிலேயே இயங்கும் டியூஷன் மென்பொருள் ஒன்றை வெப்ஆர்டிசி (உலாவிகள் தமக்குள் குரலையும் படத்தையும் பரிமாறும் தொழில்நுட்பம்) கொண்டு உருவாக்கியிருக்கிறோம். மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கணினிகள் இரண்டும் உடனே இணைகின்றன. நெல்லிக்குப்பம் மாணவருக்குச் சில நாட்களில் தாமதமாகிறது. புதுச்சேரியில் விடுதி வைஃபையைப் பயன்படுத்தும் மாணவருக்கு இணைவதே இல்லை. எங்கள் சர்வர் பதிவிலோ எல்லோரும் உள்ளே வந்ததாகவே இருக்கிறது. இதை எப்படிக் கண்காணிப்பது?
- வாசகர், கடலூர்

பதில்: சர்வர் பதிவில் பிழையில்லை, ஆனால் அது கண்டது பாதிதான். அழைப்பைத் தொடங்க உலாவிகள் பரிமாறும் ஆஃபர், ஆன்சர் என்னும் செய்திகள் மட்டுமே சர்வர் வழியே செல்கின்றன. குரலும் படமும் செல்ல வேண்டிய பாதையையோ ஐஸ் என்னும் முறைப்படி இரு உலாவிகளும் தாமே தேடுகின்றன. ஆகவே கண்காணிப்பு இரு முனைகளிலும், மாணவரின் உலாவிக்குள்ளேயே நடக்க வேண்டும்.

ஒவ்வோர் உலாவியும் கேண்டிடேட் எனப்படும் முகவரிகளைத் திரட்டுகிறது: கணினியின் சொந்த முகவரி ஹோஸ்ட், ஸ்டன் சர்வர் வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது சர்வர்-ரிஃப்ளெக்சிவ், டர்ன் சர்வர் இடைநின்று தருவது ரிலே. உங்கள் வீட்டில் ஹோஸ்ட் முகவரிகளே போதுமானவை என்பதால், அங்கே கிடைத்த வெற்றி ஸ்டன், டர்ன் ஆகியவற்றைப் பற்றி எதையும் நிரூபிக்கவில்லை.

ஐஸ் நிலை 'நியூ', 'செக்கிங்', 'கனெக்டட்' என மாறும் ஒவ்வொரு தருணத்தையும், ஒவ்வொரு கேண்டிடேட்டும் வந்த நேரத்தையும் மில்லிவினாடிக் கணக்கில் குறித்து, அழைப்பு தோற்றாலும் சர்வருக்கு அனுப்பச் செய்யுங்கள். 'ஃபெயில்ட்' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் சேமிப்பதால் பயனில்லை. ரிலே கேண்டிடேட் வராமலே 'செக்கிங்' நிலையில் தவித்துத் தோற்றால் டர்ன் பக்கம் சந்தேகம் கொள்ளுங்கள். அப்போது கேண்டிடேட் பிழை நிகழ்வில் 701 வந்தால் சர்வரை எட்ட முடியவில்லை என்றும், 401 வந்தால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை என்றும் பொருள். கேண்டிடேட்டுகள் வந்தும் இணை (இரு முனைகளின் கேண்டிடேட்டுகள் சேர்ந்த ஜோடி) எதுவும் தேறவில்லையெனில், அவை மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தனவா என்று பாருங்கள். ஐஸ் 'கனெக்டட்' ஆகியும் ஒட்டுமொத்த இணைப்பு நிலை 'கனெக்டிங்'கிலேயே நின்றால், தடங்கல் அதன்பின் மறையாக்கத்துக்காக நடக்கும் டிடிஎல்எஸ் கைகுலுக்கலில் இருக்கிறது. 'டிஸ்கனெக்டட்' தானே மீளக்கூடிய நிலை. அதைத் தோல்விக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நெல்லிக்குப்பத்துத் தாமதத்துக்கு, இணைப்பின் புள்ளிவிவரங்களைத் தரும் கெட்ஸ்டாட்ஸ் என்னும் நிரல் கட்டளையின் மூலம் எந்த இணை தேர்வானது என்பதை ஒவ்வொரு நாளும் எடுத்து ஒப்பிடுங்கள். தாமதமான நாட்களில் மட்டும் ரிலே தேர்வாகியிருந்தால் நேர்ப்பாதை அன்று கிடைக்கவில்லை என்பது தெரிந்துவிடும். கையால் ஆராய குரோமில் வெப்ஆர்டிசி-இன்டர்னல்ஸ் பக்கம் உண்டு. அழைப்பு நடக்கும் தாவலை மூடுவதற்குள் பதிவைத் தரவிறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

குரலும் படமும் வழக்கமாகச் செல்லும் யுடிபி என்னும் நெறிமுறையை விடுதி வைஃபை தடுத்திருக்கக்கூடும். அப்படியாயின் டர்ன் சர்வரை, பாதுகாப்பான இணையதளங்கள் பயன்படுத்தும் 443-ஆம் போர்ட்டில் டிஎல்எஸ் என்னும் மறையாக்கம் வழியாகவும் கிடைக்கச் செய்வதே வழி. அதைச் சோதிக்க மாணவரை இரவில் விழித்திருக்க வைக்க வேண்டாம். எவ்வகைக் கேண்டிடேட்டுகளை அனுமதிப்பது என்று சொல்லும் ஐஸ் டிரான்ஸ்போர்ட் பாலிசியை 'ரிலே' என மாற்றி, முதலில் மஞ்சக்குப்பத்து வீட்டிலேயே இணைகிறதா என்று பாருங்கள்.