கைதிக்கு வெளியேறும் உரிமை இருந்ததா?

கேள்வி: அதிகாரம் கைக்கு வந்தால் எவரும் கொடியவராகிவிடுவார் என்பதை ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனை நிரூபித்ததாக வகுப்பில் படித்தோம். அது உண்மையா? அத்தகைய சோதனையை இன்று நடத்த முடியுமா?
– உளவியல் மாணவி, திண்டுக்கல்

பதில்: அந்தச் சோதனை நடந்தது உண்மை. அதிலிருந்து எடுக்கப்பட்ட முடிவைத்தான் ஏற்பதற்கில்லை.

1971 ஆகஸ்டில் உளவியல் பேராசிரியர் பிலிப் ஜிம்பார்டோ, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் போலிச் சிறையொன்றை அமைத்தார். நாளிதழ் விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்களில் மனநலம் சீராக இருந்த 24 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, நாளொன்றுக்கு 15 டாலர் ஊதியம் பேசி, எவர் காவலர், எவர் கைதி என்பதைத் தற்செயல் முறையில் பிரித்தார். காவலர்களுக்குக் காக்கிச் சீருடையும் தடியும் கறுப்புக் கண்ணாடியும் தரப்பட்டன. கைதிகளுக்குத் தொளதொளத்த அங்கியும் காற்சங்கிலியும் பெயருக்குப் பதிலாக ஓர் எண்ணும் கிடைத்தன. இரண்டு வாரம் நடக்கவேண்டிய சோதனை, காவலர்களின் அவமதிப்பு எல்லை மீறியதால், ஆறே நாளில் நிறுத்தப்பட்டது.

ஏற்ற பாத்திரமே மனிதரை மாற்றிவிட்டது என்பது ஜிம்பார்டோவின் விளக்கம். ஆனால் சோதனையின் ஆவணங்களை ஆராய்ந்து பிரெஞ்சு ஆய்வாளர் திபோ லெ தெக்சியே 2019-இல் வெளியிட்ட கட்டுரை, காவலர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது அவர்களுக்கு முன்கூட்டியே உணர்த்தப்பட்டிருந்ததைக் காட்டியது. கடுமை காட்டத் தயங்கிய ஒரு காவலரை, வார்டனாக இருந்த மாணவர் வற்புறுத்தும் ஒலிப்பதிவும் இருக்கிறது. அப்படியும் எல்லாக் காவலர்களும் கொடுமை செய்யவில்லை; கைதிகளுக்குச் சிறு உதவிகள் செய்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆகவே சீருடை மட்டும் ஒருவரைக் கொடியவராக்குவதில்லை என்றே நான் கருதுகிறேன். கடுமையாக நடப்பது நல்ல நோக்கத்துக்கு உதவும் என்று மதிப்புக்குரிய ஒருவர் சொல்லி, அதைக் கேட்பவர் நம்பும்போதுதான் பாத்திரத்துக்கு அந்த வலிமை வருகிறது.

அறநெறிப் பிழையும் இங்கேதான் தொடங்குகிறது. ஆய்வாளராகிய ஜிம்பார்டோவே சிறைக் கண்காணிப்பாளர் பொறுப்பையும் ஏற்றிருந்தார். 8612 என்ற எண்ணுள்ள கைதி வெளியே விடும்படி கேட்டபோது, அவரை உடனே அனுப்பாமல், உள்ளே நடப்பதைத் தெரிவித்தால் காவலர்கள் தொல்லை தரமாட்டார்கள் என்று பேரம் பேசினார். அந்த இளைஞர் திரும்பிச் சென்று, இங்கிருந்து எவரும் வெளியேற முடியாது என்று மற்றவர்களிடம் சொன்னார். ஒப்புதல் கொடுத்தவருக்கு அதைத் திரும்பப் பெறும் வழி அடைபட்ட அக்கணமே சோதனையை நிறுத்தியிருக்க வேண்டும். தலையில் பை கவிழ்த்து, கால்கள் பிணைக்கப்பட்டுக் கழிப்பறைக்கு நடத்திச் செல்லப்பட்ட கைதிகளைக் கண்டு, இது தவறு என்று வாதிட்டவர், வெளியிலிருந்து வந்த உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக். அவருடைய எதிர்ப்புக்குப் பிறகே ஜிம்பார்டோ நிறுத்த இசைந்தார்.

இன்று இதே வடிவில் நடத்த அனுமதி கிடைக்காது. அமெரிக்காவில் 1974-இல் வந்த சட்டமும், மனிதர்கள் பங்கேற்கும் ஆய்வுகளுக்கான அறநெறியை வகுத்த 1979-இன் பெல்மான்ட் அறிக்கையும் விதிகளை இறுக்கின, இந்தியாவிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகள், பங்கேற்பவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்கின்றன. எனினும் ஸ்டான்ஃபோர்டு சோதனையும் பல்கலைக்கழகக் குழுவின் அனுமதி பெற்றே நடந்தது என்பதை நினைவில் வையுங்கள். 2001-இல் பிரிட்டனில் உளவியலாளர்களான அலெக்ஸ் ஹஸ்லமும் ஸ்டீஃபன் ரீச்சரும் பி.பி.சி.யுடன் இணைந்து இத்தகைய ஆய்வொன்றை நடத்தியபோது, அதை எந்நேரமும் நிறுத்தும் அதிகாரத்துடன் ஒரு சுதந்திரமான அறநெறிக் குழு உடனிருந்து கண்காணித்தது. அங்கே காவலர்கள் தங்களுக்குள் ஒன்றுபடவே இல்லை. கைதிகள்தாம் ஒன்றுசேர்ந்து அந்த ஏற்பாட்டைக் கவிழ்த்தார்கள்.